காஜாக்காவின் செங்கல் ஆட்டம்

சட்டை போடுகிறவர்கள் பட்டனைப் பார்ப்பார்கள். பட்டன் நுழைகிற ஓட்டையை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஓட்டைக்குக் காஜா என்று பெயர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் காஜா மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியில் அதுவே அவளுக்கும் பெயராகிவிட்டது. மேஸ்திரியிலிருந்து வாசலில் நிற்கும் காவல்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் காஜாக்காதான். கட்டிய கணவனே அப்படித்தான் கூப்பிட்டான், அக்காவை மட்டும் கழற்றிவிட்டு.

ஒரு சட்டைக்கு முன்பக்கம் ஆறு காஜா, கழுத்துப்பட்டியில் ஒன்று, கைமடிப்புகளில் ஒவ்வொன்று. துணியை வைத்து மிதியை அழுத்தினால் ஊசி இரண்டு பக்கமும் நெருக்கமாகத் தைத்துக்கொண்டு போகும். கடைசியில் சின்னக் கத்தி ஒன்று டக்கென்று இறங்கி நடுவில் வெட்டும். மற்ற எந்தத் தையலையும் பிரித்து மறுபடி தைத்துவிடலாம். வெட்டின காஜாவை என்ன செய்ய? ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் முழுச் சட்டையும் போச்சு. அதனால் காலை எட்டு மணிக்கு மூச்சை இழுத்துப் பிடித்தால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் விடுவாள். வெளியே வரும்போது தோள் இரண்டும் கல்லாய் இறுகிப் போயிருக்கும்.

இருபத்து மூன்று வயதில் அவளுக்குப் பேருந்து நிலையத்தில் தினமும் அரை மணி நேரம் காத்திருக்கிற வேலை ஒன்று இருந்தது. ஆறு பத்து பஸ்தான் அவள் வீட்டுப் பக்கம் போகும். காத்திருக்கும் கூடத்தின் மூலையில் மூன்று விளையாட்டு மெஷின்கள் நின்றன. ஒன்றில் கார் ஓட்டலாம், ஒன்றில் சுடலாம். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மேலே நாலு நிறத்தில் செங்கல் வரிசை, கீழே ஒரு சின்னப் பலகை, நடுவில் ஒரு பந்து. பலகையை இடமும் வலமும் நகர்த்த ஒரு வட்டத் திருகு. பந்து கீழே விழாமல் தட்டித் தட்டி மேலே அனுப்பினால் ஒவ்வொரு செங்கலாக உடையும். அவ்வளவே. 'இதுல என்ன இருக்குன்னு இப்படிக் கட்டிக்கிட்டு அழறாங்க' என்று எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அவள் நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டே பார்ப்பாள்.

ஒரு நாள் அந்த மூன்றாவது மெஷினில் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். கிரீஸ் படிந்த சட்டை, பாக்கெட்டில் இரண்டு ஸ்க்ரூடிரைவர். கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் என்பது அவளுக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். ஒலிபெருக்கியில் அவன் பஸ்ஸை அறிவித்தார்கள். அவன் வெளியே பார்த்தான், திரையைப் பார்த்தான், பஸ் நகரத் தொடங்கியதைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தது இவள் ஒருத்திதான்.

"ஏங்க, கொஞ்சம் புடிச்சுக்கோங்க! விழுந்துரப் போகுது!"

சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டான்.

கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனால் வாங்காமல் இருக்க முடியுமா? அவள் யோசிக்கவே இல்லை. எழுந்து திருகைப் பிடித்துவிட்டாள். முதல் தட்டு பயத்தில் போனது, இரண்டாவது குருட்டு அதிர்ஷ்டம். மூன்றாவதில் கைக்குப் புரிந்துவிட்டது. துணியை ஊசிக்குக் கீழே ஒரு நூல் அளவு நகர்த்திப் பழகிய கை அது. திருகை நூல் அளவு திருப்பினால் பலகை நூல் அளவு நகர்ந்தது. ஆறு பத்து பஸ் வந்தது, போனது. ஆறு நாற்பதும் வந்து போனது. நின்றிருந்த சுவர் முழுக்க உடைந்து, புதுச் சுவர் ஒன்று எழும்பி, அதிலும் பாதி போன பிறகுதான் பந்து விழுந்தது. அப்போதுதான் தோளைக் கவனித்தாள். கல் இல்லை. எங்கே போனதென்றே தெரியவில்லை.

வீட்டில் அண்ணி வாசலிலேயே நின்றாள்.

"எங்கடி போயிட்ட? மணி என்ன?"

"ஒருத்தரோட பந்தைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணி."

"யாரு அந்த ஒருத்தரு?"

"தெரியாது."

"பேரு?"

"கேக்கல. ஓடிட்டாரு."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு கதை" என்று உள்ளே போனாள்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே அவன் அங்கே நின்றான். இவளைக் கண்டதும் வணக்கம்கூட இல்லை.

"என் பந்து என்னாச்சு?"

"விழுந்துருச்சு. மன்னிச்சுக்கோங்க. ஏழு மணி இருக்கும்."

"ஏழு மணியா? நான் விட்டுட்டுப் போனப்ப ஆறுகூட ஆகல! ஒரே பந்துலயா?"

"ஒரே பந்துதானே குடுத்துட்டுப் போனீங்க."

அவன் வாயைத் திறந்தவன் மூட மறந்தான். இரண்டு வருஷமாக அந்த மெஷினில் ஆடுகிறவன், ஒரு சுவரைக்கூட முழுதாக முடித்ததில்லை.

அன்று முதல் இருவரும் மாற்றி மாற்றி ஆடினார்கள். ஆட்டத்திலேயே ஆளைப் படித்துவிடலாம். அவன் பந்து எங்கே போகிறதோ அங்கே ஓடுகிற ரகம். அவள் அப்படி இல்லை. ஓரத்தில் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே இருப்பாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது செங்கல் எம்மாத்திரம்? ஓரம் துளைந்து, பந்து அந்தச் சந்தில் நுழைந்து சுவருக்கு மேலே ஏறிக்கொள்ளும். பிறகு கூரைக்கும் சுவருக்கும் நடுவே அதுவாகக் குதித்துக் குதித்து மேல் வரிசையைத் தின்று தீர்க்கும். அந்த அரை நிமிஷம் அவள் திருகிலிருந்து கையை எடுத்து விரல்களை நீட்டி மடக்குவாள். ஒரு நாளில் அவள் கைக்கு வேலை இல்லாத நேரம் அது மட்டும்தான்.

"அப்படி என்னங்க இருக்கு இதுல உங்களுக்கு?" என்று ஒரு நாள் கேட்டான்.

"காஜால தப்புப் பண்ணா சட்டை போச்சு. யாரோட சட்டையோ. இதுல தப்புப் பண்ணா பந்து மட்டும்தான் போகுது. நாளைக்கு வந்து பாத்தா சுவர் புதுசா நிக்குது, நான் எதுவுமே பண்ணாத மாதிரி. உங்களுக்கு?"

"லிஃப்ட் நின்னாத்தான் என்னைத் தேடுவாங்க. ஓடுற வரைக்கும் நான் ஒருத்தன் இருக்கிறதே யாருக்கும் தெரியாது. இது ஒண்ணுதாங்க, நான் ஒழுங்கா பண்ணா உடனே ஒரு சத்தம் போடுது."

எட்டாவது மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட அண்ணி, "பந்தைப் புடிக்கப் போனவ ஆளையே புடிச்சுட்டு வந்துட்டா" என்று பதிவாளர் காதில் விழும்படியே சொன்னாள்.

பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டியபோது அந்த மூன்று மெஷின்களும் போன இடம் தெரியவில்லை. அதற்காக இருவரும் மூக்கைச் சிந்தவில்லை. ஏனென்றால் அந்த ஆட்டம் எங்கும் போகவில்லை. டிவியோடு இணைக்கிற பெட்டியில் வந்தது, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கருவியில் வந்தது, அப்புறம் போனிலும் வந்தது. மகள் வளர்ந்தபோது ஊரைக் கட்டுகிற ஆட்டம், படை நடத்துகிற ஆட்டம் என்று எத்தனையோ வந்துபோயின. மகளும் பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது செங்கல்லைத்தான் தட்டிக்கொண்டிருப்பாள். ஏன் என்று கேட்டதற்கு, "இதுல யாரும் என்னைச் சுடலம்மா. எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம். பாதியில விட்டா கோவிச்சுக்காது" என்றாள். மகள் படித்து முடித்து வேலைக்காக வேறு ஊருக்குப் போனாள். வாழ்க்கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் காலணிக்குள் கால் நுழையாமல் போயிற்று. புதுசு வாங்கினான். ஒரு மாதத்தில் அதிலும் நுழையவில்லை. "கால் வளருதா உங்களுக்கு, இந்த வயசுல?" என்று அவள் கேலி செய்துகொண்டே குனிந்து கணுக்காலை அழுத்தினாள். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. கேலி அதோடு நின்றுபோனது.

பல வருஷமாகக் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம், உடம்பிலுள்ள ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரைக்கும் அதுதான் வழி.

டயாலிசிஸ் வார்டில் எட்டுக் கட்டில்கள். இடது கையில் இரண்டு ஊசி ஏற்றி, அந்தக் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். அசைத்தால் மெஷின் கத்தும். முப்பது வருஷம் எதையாவது திருகிக்கொண்டும் முடுக்கிக்கொண்டும் இருந்த மனுஷன். அவனைச் சும்மா படுக்கச் சொல்வது மீனைக் கரையில் படுக்கச் சொல்கிற மாதிரிதான். முதல் மாதம் ஒரு தவணைக்கு நாலு தடவை, ஐந்து தடவை மெஷின் கத்தியது. வார்டைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் கெட்டிக்காரி, கண்டிப்பானவள்.

"ஐயா, அந்தக் கை உங்க கை இல்ல. நாலு மணி நேரத்துக்கு அது என் கை. ஆட்டாதீங்க."

"ஆட்டலங்க. அதுவா ஆடுது."

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும் வழியில், "நான் இனிமே வரல காஜா" என்றான். "கூரையப் பாத்துக்கிட்டு நாலு மணி நேரம். வாரத்துக்கு மூணு நாள். இப்படி இழுத்துப் புடிச்சு என்ன பண்ணப் போறேன்? விட்டுரு."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் அமைதியாகச் சொன்னதால் வழி தேடத் தொடங்கினாள்.

முதலில் போனில் இருந்த செங்கல் ஆட்டத்தைத் திறந்து கையில் கொடுத்துப் பார்த்தாள். ஒரு கையால் போனையும் பிடித்து, அதே கை விரலால் கண்ணாடியையும் தேய்ப்பது முடிகிற காரியமா? போன் மூன்று தடவை நெஞ்சில் விழுந்தது. விரல் பலகையை மறைத்தது. "இது அது இல்ல" என்று தள்ளிவிட்டான். ஆனால் ஆட்டத்தின் சத்தத்தைக் கேட்டவுடன் கை நீண்டதை அவள் கவனித்துவிட்டாள்.

இரண்டு தெரு தள்ளி டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் போனாள்.

"ஒரு சின்னத் திரை வேணும். ஒரு திருகு வேணும். திருகத் திருப்பினா பலகை போகணும். அவ்வளவுதாங்க."

"அந்தப் பழைய செங்கல் ஆட்டமா?" அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அத ஏங்க கேக்குறீங்க! எங்க தெருவுல ஒரு மெஷின் இருந்துச்சு. ரொட்டி வாங்கிட்டு வர அனுப்பினா நான் ரொட்டி இல்லாமத்தான் வீட்டுக்குப் போவேன்."

பத்து நாளில் பெட்டி தயாரானது. திரை கழித்துப்போட்ட ஏதோ கருவியுடையது, திருகு பழைய ஆம்ப்ளிஃபையருடையது. கட்டில் மேசையில் பொருத்த அடியில் ஒரு கவ்வி வைத்திருந்தார். லிஃப்ட்காரன் அதைத் தொட்டுப் பார்த்த உடனே, "திருகு வழுக்குது. பிடிமானமே இல்ல" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் தொழில் பேச்சு அது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் தொழிற்சாலையில், கழுத்துப்பட்டிக்கு உள்ளே வைத்துத் தைக்கிற விறைப்பான கேன்வாஸில் வெட்டி மீந்த துண்டு ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, காசு அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்து வந்தாள். திருகுக்கு அடியில் அதை வைத்து முடுக்கியதும், "ம்ம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். போதாதா?

சிஸ்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒயர எங்கயும் தொங்கவிடக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். அந்தக் கை ஆடுச்சுன்னா பெட்டி என் அலமாரிக்குப் போயிரும்."

அந்தக் கை ஆடவில்லை. வலது கைக்கு வேலை வந்ததும் இடது கை தன்னை மறந்து தூங்கிவிட்டது. அன்றைக்கு வார்டிலேயே மெஷின் ஒரே ஒரு தடவைதான் கத்தியது, அதுவும் மூன்றாம் கட்டில்காரர் தும்மியதால்.

பக்கத்துக் கட்டிலில் எழுபது வயது அம்மாள் ஒருவர். ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுத்தவர். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெருமை அவருக்கு உண்டு. எல்லோரும் எக்ஸ்சேஞ்சம்மா என்பார்கள்.

"என்ன சத்தம் அது, டொக்கு டொக்குன்னு? மனுஷி தூங்க வேணாமா?"

லிஃப்ட்காரன் உடனே சத்தத்தை நிறுத்தினான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

"ஏன் நிறுத்தினீங்க? பந்து எங்க போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானேம்மா தூங்கணும்னீங்க."

"தூக்கம் போனது போயிருச்சு. அத இப்படித் திருப்புங்க. ஐயோ, அந்தப் பக்கம் இல்ல, இடது பக்கம்! என்னத்த லிஃப்ட் ரிப்பேர் பண்ணீங்களோ!"

அடுத்த தவணையில் பெட்டி எக்ஸ்சேஞ்சம்மா மேசைக்குப் போனது. அதற்கடுத்த வாரம் வார்டு முழுக்கச் சுற்றியது. சண்டை வரத் தொடங்கியதும் சிஸ்டர் சுவர்ப் பலகையில் முறை எழுதினாள். எழுதியவள் கெட்டிக்காரி என்று சொன்னேன் இல்லையா? எட்டாம் கட்டிலில் ஒரு டாக்ஸிக்காரர் படுப்பார். மூன்று மணி நேரம் ஆனதும், "சவாரி இருக்கு, ஊசியக் கழட்டுங்க" என்று ஒவ்வொரு தடவையும் தகராறு செய்து ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுவார். அப்படிப் போய்ப் போய் இரண்டு தடவை மூச்சுத் திணறி அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர். சிஸ்டர் அவருக்கு நாலாவது மணி நேரத்தில் முறை போட்டாள். மனுஷன் மூன்று மணி நேரம் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்து ஆடினார். சவாரிப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த மாதம் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "என்ன மருந்து மாத்தினீங்க?" என்று சிஸ்டரைக் கேட்டாராம்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசை நகருவதாக இல்லை. அவன் தம்பியின் ரத்தம் பொருந்தவில்லை. காஜாக்கா ஒருவரிடமும் சொல்லாமல் தானே பரிசோதனைக்குப் போனாள். பொருந்தியது. முடிவுத் தாளை வீட்டு மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அவன் படித்தான். தாளை மடித்தான்.

"வேணாம்."

"ஏன்?"

"உன் உடம்பைக் கிழிச்சு நான் பொழைக்கணுமா?"

"முப்பத்தோரு வருஷமா நான் என்ன பண்றேன்? நல்ல துணிய நடுவுல வெட்டறேன். வெட்டினா அது கிழிசலா? சுத்தித் தையல் இருக்குல்ல? வெட்டலன்னா பட்டன் எங்க போய் நுழையும்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வலிக்கும் காஜா" என்றான்.

"வலிக்கட்டும். ரெண்டு இருக்கு எனக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டு உங்களப் படுக்கையில பாத்துக்கிட்டிருக்கிறதுதான் எனக்கு வலி."

மடித்த தாளை அவன் மறுபடி பிரித்தான்.

உயிரோடு இருப்பவர் உறுப்புக் கொடுப்பதென்றால் ஒரு குழு விசாரித்து அனுமதி தர வேண்டும். யாராவது வற்புறுத்துகிறார்களா என்று பார்ப்பதற்காக. அறையில் மூன்று பேர்: தலைவியாக ஓர் அம்மையார், ஒரு டாக்டர், ஒரு அதிகாரி. கணவனை முதலில் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு இவளைத் தனியாக.

"உங்க ரெண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார் அதிகாரி.

காஜாக்கா ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். பேருந்து நிலையம், ஓடிப்போன பஸ், கையில் விட்டுப்போன பந்து, அண்ணி கேட்ட கேள்வி எல்லாமே. அதிகாரி தன் தாளைப் பார்த்தார்.

"அவர் விட்டுட்டுப் போனப்ப எத்தன செங்கல் மிச்சம் இருந்துச்சு?"

"அதெல்லாமா கேப்பீங்க? பதினேழு."

"அவர் எட்டுன்னு சொல்றாரு."

"எட்டா! எட்டு மிச்சம் வச்சுட்டுப் போற அளவுக்கு அவருக்கு எங்க ஆடத் தெரியும்? அப்படி ஆடியிருந்தா பஸ்ஸ விட்டிருப்பாரே தவிர ஆட்டத்த விட்டிருக்க மாட்டாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கடைசி ஒரு செங்கல் இருக்கு பாருங்க, அதுதான் உயிர வாங்கும். பந்து அதச் சுத்தி எல்லா இடத்துக்கும் போகும், அது மேல மட்டும் படாது. அந்த ஒரு செங்கல்லுக்காக நான் ஒரு பரீட்சைக்கே அரை மணி நேரம் தாமதமாப் போனேன்" என்றார், யாரோ கேட்டதுபோல.

தலைவி அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "ஓரத்துல துளை போட்டு மேல ஏத்திடணும் சார். கடைசிவரைக்கும் ஒண்ணு ரெண்டை விட்டு வச்சா அப்படித்தான்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்!" என்றாள் காஜாக்கா, தான் விசாரணையில் இருப்பதையே மறந்து.

கொஞ்ச நேரம் சிறுநீரகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு தலைவி நிமிர்ந்து உட்கார்ந்து குரலை மாற்றிக்கொண்டார். "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? உண்மையச் சொல்லுங்க."

"அவரு வேணாம்னுதாங்க கட்டாயப்படுத்தினாரு. நான் கேக்கல."

கையெழுத்தாயிற்று.

அறுவைச் சிகிச்சை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மகள் லீவு போட்டு வந்து இரண்டு வார்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். காஜாக்கா கண் விழித்தபோது விலாவுக்குக் கீழே நெருப்பை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரோ கையைப் பிடித்திருந்தார்கள். பார்த்தால் டயாலிசிஸ் வார்டு சிஸ்டர். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவரு?" என்று உதட்டை அசைத்தாள்.

"அக்கா, உங்க கிட்னி டேபிள் மேலயே வேலைய ஆரம்பிச்சிருச்சாம். பை நிறைய மூத்திரம். டாக்டரே சிரிச்சாரு."

வாழ்நாளில் எத்தனையோ நல்ல செய்திகள் அவள் காதில் விழுந்திருக்கின்றன. ஒரு பை மூத்திரம் என்கிற செய்திக்கு அழுதது அன்றைக்குத்தான். அழுதால் தையல் வலிக்கிறது, சிரித்தாலும் வலிக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

கிருமி தொற்றாமல் இருக்க அவனைத் தனியறையில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் சரியாகப் பதினோரு மணிக்கு அவனுக்குப் போன் வரும்.

"லைன்ல இருங்க. வார்டு நிலவரம் சொல்றேன்." எக்ஸ்சேஞ்சம்மாதான். "டாக்ஸி ஆயிரத்து முந்நூறு. மூணாம் கட்டில் எழுநூறு, தும்மல்ல பந்த விட்டுட்டாரு. உங்க பழைய எண்ணிக்கையப் போன தடவையே நான் தாண்டிட்டேன். வருத்தப்படாதீங்க, வயசுக்கேத்த பக்குவம் வேணும்ல. வேற அழைப்பு இருக்கு, வைக்கிறேன்."

வேறு அழைப்பு எதுவும் இருக்காது. கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு கையால் போனைப் பிடித்து அவர் பேசிய பேச்சு அது. அந்தத் தனியறையில் வேறு யார் குரலும் கேட்காத நாட்களில், பதினோரு மணிக்காக அவன் காலையிலேயே முகம் கழுவித் தயாராக இருப்பான் என்று பிறகு காஜாக்காவிடம் சொன்னான். எக்ஸ்சேஞ்சம்மாவின் இதயம் பலவீனம், மாற்றுச் சிறுநீரகம் அவருக்குச் சரிப்படாது என்பதும் அவனுக்குத் தெரியும். தனக்குக் கிடைக்காத ஒன்று அடுத்தவனுக்குக் கிடைத்ததற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா என்று அவனுக்கு வியப்பு தீரவில்லை.

காஜாக்கா மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். மேஸ்திரி நாற்காலிக்கு ஒரு மெத்தை வைத்துக் கொடுத்தார், மற்றவர்கள் தினமும் ஒருவராக அவளுடைய துணிக் கட்டுகளைத் தூக்கி வைத்தார்கள். லிஃப்ட்காரன் இனிமேல் லிஃப்ட் குழிக்குள் இறங்கக் கூடாது. புதிதாகப் பொருத்திய லிஃப்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலையைக் கம்பெனி கொடுத்தது. "ஓடுற லிஃப்டுக்கும் என்னைக் கூப்பிடுறாங்க காஜா" என்று வீட்டுக்கு வந்து பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

பெட்டியை அவர்கள் வார்டிலேயே விட்டுவிட்டார்கள். திருகுக்கு அடியிலுள்ள கேன்வாஸ் தேய்ந்துபோகும் என்பதால் நாலு மாதத்துக்கு ஒரு தடவை புதுசு வெட்டிக் கொடுத்தனுப்புவாள். தினமும் காலையில் எழுந்ததும் அவள் யாரையாவது நினைத்துக்கொள்வாள், வரிசை எதுவும் கிடையாது: ஒரு நாள் டிவி ரிப்பேர்க்காரர், ஒரு நாள் அந்தக் குழுத் தலைவி, ஒரு நாள் ஊர் பேர் தெரியாத, அந்த ஆட்டத்தை முதன்முதலாகச் செய்த யாரோ ஒருவர். 'நல்லா இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டுத்தான் பல் துலக்கப் போவாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆனபோது, மாதப் பரிசோதனைக்குப் போன இருவரும் டயாலிசிஸ் வார்டில் நுழைந்தார்கள். கட்டில்களில் புது முகங்கள் சில. டாக்ஸிக்காரர் கையை ஆட்டினார், சரியான கையைத்தான். எக்ஸ்சேஞ்சம்மா தலையணையில் சாய்ந்து திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். முன்னைவிட இளைத்திருந்தார். விரல் மட்டும் அசாத்திய வேகம்.

லிஃப்ட்காரன் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். கட்டிலருகே நின்று தொண்டையைச் செருமினான்.

"அம்மா, ஒரு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

"நிக்காதீங்க, நெழல் விழுது."

அவன் நகர்ந்து நின்றான். "இல்லம்மா, அந்த மூணு வாரம் நீங்க போன் பண்ணீங்கல்ல, அதுக்கு..."

"நன்றியா? அப்புறம் சொல்லுங்க. இப்ப வேகமா வருது."

காஜாக்கா இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டாள். ஒன்றில் அவனை உட்காரவைத்து, மற்றதில் தானும் உட்கார்ந்தாள். வேறு எங்கும் போக வேண்டிய அவசரம் அவர்களுக்கு அன்றைக்கு இல்லை.